பட்டாவும் பாத்தியதையும்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய ஊர்களின் முன்சீப் கோர்ட்டு வாசல்களிலும், மதுரை ஜில்லாக் கோர்ட்டு வாசலிலும் காலைநேரத்தில் வந்து நிற்கும் கிராமவாசிகளில் பலர் கக்கத்தில் ஒரு துணிப்பையை இடுக்கியிருப்பார்கள். அப்பையைத் திறந்தால் முதலில் வெளிவருவது பட்டா. "பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்பதே அவர்களுடைய வாதம் முழுவதும். அந்த ஒரு காகிதத்தை நம்பி வியாஜ்யத்தில் இறங்கினவர்களும் உண்டு. அதை மாத்திரம் பார்த்து நிலம் வாங்கினவர்களும் உண்டு. பட்டா என்பது யாது, அது எதை ருசுப்படுத்தும், எதை ருசுப்படுத்தாது என்பதை ஐக்கிய நாணய சங்கத்து அங்கத்தினர்கள் தெளிவாய் அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில், சங்கத்திற்குப் பயிர்க்கடன் மனுவோடு வரும் நாளில்தான், தாங்கள் உழும் நிலம் கணக்கிலே வேறொருவர் பெயரில் நிற்பது பலருக்குத் தெரியவருகிறது.

பட்டா பிறந்தது நிலத்தின் சொந்தக்காரர் இன்னார் என்று தீர்ப்பதற்காகவன்று; தீர்வை வசூலிப்பதற்காக. மதுரைச் சீமை 1801-ம் வருஷத்தில் கும்பினியார் ஆளுகைக்குள் வந்தது. அடுத்த வருஷம் ஏற்பட்ட ரெகுலேஷன்படி இராமநாதபுரம், சிவகங்கை முதலான பெரும் பாளையங்கள் நிரந்தரப் பேஷ்குஷ் செலுத்தும் ஜமீன்களாயின. ஏனைய கிராமங்களில், ஸர் தாமஸ் மன்றோ துரை ஊன்றி நிறுத்திய ரயத்துவாரி முறை காலக்கிரமத்தில் நிலைபெற்றது. இம்முறையில் இடையிலே ஜமீன்தார் இல்லை; ஒவ்வொரு வயலையும் அளந்து, மண்ணின் தரத்தை மதித்து, இன்ன நிலத்துக்கு இன்னார் இவ்வளவு கிஸ்தி செலுத்தவேண்டும் என்று சர்க்கார் எழுதிக் கொடுத்த சீட்டே பட்டா. கிஸ்தி வந்து சேரவேண்டும். அதைக் கொடுக்கிறவர் யார்? சர்க்காரின் கேள்வி அவ்வளவே. அவர் அந்நிலத்தைக் கிரயத்துக்கு வாங்கினாரா, பாகத்தில் அடைந்தாரா, அண்ணன் தம்பிகளுக்காக மூத்தவர் என்ற முறையில் கட்டி வருகிறாரா என்பதை ஜமாபந்தியில் ஒருவரும் துருவி விசாரித்ததில்லை.

ஆகையால்தான் கோர்ட்டுகள் ஆதிமுதல் ஒரே விதமாய்ச் சொல்லி வந்திருக்கின்றன. அயோத்திச் சீமையிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 1926-ம் வருஷத்தில் லண்டன் பிரிவி கவுன்ஸிலார், ரெவின்யூக் கணக்கில் பெயர் மாற்றும் விசாரணை வரி வசூலைச் சார்ந்ததேயன்றிப் பாத்தியதையைத் தீர்மானிப்பதன்று என்று தீர்ப்பளித்தார்கள். 2007-ம் வருஷத்தில் சூரஜ் பான் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே வற்புறுத்தியது: கணக்கில் பெயர் ஏறுவதால் ஒருவருக்குப் புதிதாய்ச் சொத்துரிமை உண்டாவதில்லை, பெயர் இறங்குவதால் உள்ள உரிமை போய்விடுவதுமில்லை. ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் 1858-ம் வருஷத்தில் ஏற்படுத்திய முறை வேறு. அங்கே சர்க்கார் ரிஜிஸ்தரில் எழுதப்பட்ட பெயரே பாத்தியதை. அதற்குச் சர்க்காரே பிணை. நம் தேசத்தில் சர்க்கார் அப்படிப்பட்ட பிணையை ஏற்கவில்லை. பட்டாவைக் கையில் வைத்திருப்பவர்களோ, ஏற்றுக்கொண்டதாகவே எண்ணி நிம்மதியாயிருக்கிறார்கள்.

நிலத்துக்கு மூன்று சாட்சிகள் உண்டு. முதலாவது தஸ்தாவேஜு, அதாவது கிரயப் பத்திரம், பாகப்பத்திரம், தான செட்டில்மெண்டு, உயில் முதலியன. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி ரூ.100-ம் அதற்கு மேலும் பெறுமான நிலத்தை ரிஜிஸ்தர் செய்த பத்திரத்தாலன்றி விற்க முடியாது. ரூ.100-க்கு இன்று ஒரு கடப்பாரைகூடக் கிடைப்பது அரிது. எனவே எல்லா நிலத்துக்கும் ரிஜிஸ்தர் வேண்டும் என்றே கொள்ளவேண்டும். இரண்டாவது அனுபோகம், உழுது, பயிரிட்டு, வரப்பு வெட்டி, தண்ணீர் பாய்ச்சி வருவது. மூன்றாவது ரெவின்யூக் கணக்கு. பட்டா, சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவை. மூன்றும் ஒரே பெயரைச் சொல்லும் நிலத்தில் வழக்கு முளைப்பது அபூர்வம். மூன்றும் மூன்று பெயரைச் சொல்லத் தொடங்கினால், நிலத்தின் விளைவு வக்கீல் பீஸுக்கும் பஸ் சார்ஜுக்குமே போதாது.

இவை எவ்வாறு பிரிந்துபோகின்றன? பெரும்பாலும் ஒருவருடைய சூதுமின்றியே. தகப்பனார் இறந்துபோகிறார், பட்டாவில் அவர் பெயர் முப்பது வருஷம் அப்படியே நிற்கிறது. அண்ணன் தம்பிகள் வாய்மூலம் பாகம் பிரித்துக் கல் ஊன்றிக்கொள்கிறார்கள். கணக்கில் அது ஏறுவதில்லை. இவ்வாறு பழுதுபட்ட கணக்குகளைச் சீர்ப்படுத்தவே 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடத்தப்பட்டது. யூ.டி.ஆர். என்றால் கிராமத்தில் எல்லோருக்கும் விளங்கும். நோக்கம் நல்லதே. ஆனால் அத்திட்டம் நடந்துகொண்டிருக்கையில்தான், 1980-ம் வருஷம் நவம்பரில், கர்ணம், மணியம் உத்தியோகங்கள் எடுபட்டன. எந்த வரப்பு யாருடையது என்று வாய்ப்பாடமாய்ச் சொல்லக்கூடியவர்கள் விலகிவிட, அவர்களுக்குப் பின் கிராம நிர்வாக அதிகாரிகள் நியமனம் பெற்றார்கள். கர்ணங்கள் எல்லோரும் தர்மவான்கள் என்று இதற்குப் பொருளன்று. எவ்வாறாயினும், அக்காலத்தில் ஒரு உட்பிரிவுக்குரிய பெயர் பக்கத்து உட்பிரிவில் விழுந்ததும், இரண்டு பங்காளிகளின் நிலம் ஒருவர் பெயரில் சேர்ந்ததும் பல கிராமங்களில் நேர்ந்தன. கிஸ்தி சொற்பம், எனவே ஒருவரும் கவனிக்கவில்லை. நிலத்தின் விலை ஏறியபிறகே கவனித்தார்கள்.

ஓர் உதாரணம் கற்பித்துக்கொண்டு பார்த்தால் விஷயம் எளிதில் விளங்கும். மேலூர்த் தாலூகாவில் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் நஞ்சையை ஒரு குடியானவர் 1936-ல் ரிஜிஸ்தர் கிரயம் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். 1954-ல் அவர் காலமானார். அவருடைய குமாரர் இருவரும் 1962-ல் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வடபாதி மூத்தவருக்கும் தென்பாதி இளையவருக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். பட்டா மூத்தவர் பெயரிலேயே இருந்தது. இளையவர் தம் பங்குக் கிஸ்தியை அண்ணன் கையில் கொடுத்துவந்தார். யூ.டி.ஆரில் இரண்டு உட்பிரிவும் மூத்தவர் பெயரில் ஏறின. சகோதரர் இருவரும் இறந்தபின், மூத்தவரின் குமாரர், "பட்டா எங்கள் தகப்பனார் பெயரில்தானே இருக்கிறது" என்று 2016-ல் தென்பாதியை மதுரை நகரவாசி ஒருவருக்குக் கிரயம் செய்துவிட்டார். இளையவரின் மனைவி அந்த நிலத்தில் அப்பொழுதும் நெல் நட்டுக்கொண்டிருந்தாள். கடன் மனுவுக்காகச் சங்கத்துக் காரியதரிசி சிட்டா எடுத்துப் பார்த்தபோதுதான், கணினியில் முன்பின் அறியாத ஒரு பெயர் தோன்றியது.

இனி அவள் செய்யக்கூடியது என்ன? எல்லோரும் செய்வதுபோல் முதலில் தாசில்தாரிடம் மனுக் கொடுப்பாள். 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி, கணக்கில் திருத்தம் கோரும் மனுவைத் தாசில்தார் விசாரிப்பார். அவருடைய உத்தரவின்மேல் கோட்டாட்சியரிடம் அப்பீலும், அதற்குமேல் மாவட்ட வருவாய் அதிகாரியிடம் ரிவிஷனும் உண்டு. எழுத்துப் பிழை, சர்வே நம்பர் மாறாட்டம், வாரிசுப் பெயர் சேர்த்தல் போன்றவற்றுக்கு இது சரியான வாசல். ஆனால் நிலம் யாருடையது என்பதே தகராறாகிவிட்டால், தாசில்தார் இருதரப்பாரையும் சிவில் கோர்ட்டுக்குப் போகும்படி சொல்லவேண்டும் என்று அச்சட்டத்தின்கீழ் ஏற்பட்ட விதிகளே கூறுகின்றன. இதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-ம் வருஷத்தில் ஒரு காஞ்சீபுரம் வழக்கில் உறுதிப்படுத்தியது. சட்டத்தின் 14-வது பிரிவு, பட்டாப் பதிவால் பாதிக்கப்பட்டவர் தம் உரிமையை விளம்பச்செய்யும்படி கோர்ட்டில் தாவாச் செய்யலாம் என்றும், டிக்ரிக்குத் தக்கபடி பட்டாவைத் திருத்தவேண்டும் என்றும் சொல்லுகிறது. ஆகவே கணக்குக்கு மேலதிகாரம் கோர்ட்டுக்கே.

இதை அறியாமல் தாலூகாக் கச்சேரியிலும் கோட்டாட்சியர் கச்சேரியிலும் மாறிமாறி மனுக் கொடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உரிமையை விளம்பச்செய்யும் தாவாவுக்கு 1963-ம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம் மூன்று வருஷமே கெடு வைத்திருக்கிறது. தம் உரிமை மறுக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து கெடு நடக்கத் தொடங்கிவிடும். மனுவின்மேல் உத்தரவு வரட்டும் என்று அது காத்திராது.

அடுத்த தவறு கோர்ட்டு வாசலிலேயே நேருகிறது. வேலி போட ஆட்கள் வந்துவிட்டார்கள் என்ற பதற்றத்தில், தடையுத்தரவு மாத்திரம் கேட்டுப் பிராது கொடுப்பதே கிராமங்களில் பெருவழக்கு. செலவு குறைவு, வேலை சுருக்கம் என்று சொல்லுவார்கள். வம்புக்கு வருகிறவர் யாதொரு பாத்தியமுமில்லாத அயலாராயின் அதுவே போதும். எதிரியின் கையிலும் ஒரு பத்திரம் இருந்து, வாதியின் பாத்தியதையின்மேலேயே மேகம் கவிந்திருந்தால், உரிமையை விளம்பும்படியும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் அநதுல சுதாகர் வழக்கில் விரிவாய் எடுத்துச் சொல்லியிருக்கிறது. நம் உதாரணத்தில் நகரவாசியிடம் ரிஜிஸ்தர் கிரயம் இருக்கிறது. இளையவரின் மனைவி தடையுத்தரவு மாத்திரம் கேட்டுச் சில வருஷம் நடந்தபின், "இது பாத்தியதைத் தகராறு, அதற்குரிய தாவா போடு" என்ற பதில் வந்தால், பட்ட செலவும் நாளும் வீணே. முதல் நாளிலேயே வக்கீலிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுத் தெளிந்துகொள்வது கோழைத்தனமன்று.

சரியான தாவா போட்டபின் அவளுக்கு ஜயமுண்டா? உண்டு; ஆனால் பட்டாவினாலன்று. வாதி தம் சொந்தப் பலத்தால் ஜயிக்கவேண்டுமேயன்றி, எதிரியின் பலவீனத்தால் ஜயிக்கலாகாது என்பது பழைய விதி. இவ்விதி ஓர் ஐக்கிய சங்கத்தின் மேலேயே பாய்ந்தது. ஸெகந்திராபாத்தை அடுத்த காகாகூடா கிராமத்து நிலத்தைப் பற்றி வாஸவி ஐக்கிய கிருஹ நிர்மாண சங்கத்தார் மத்திய சர்க்காருக்கு விரோதமாய்த் தாவாச் செய்தார்கள். ரெவின்யூக் கணக்குகளைக் காட்டிக் கீழ்க்கோர்ட்டிலும் ஹைக்கோர்ட்டிலும் ஜயித்தார்கள். 2014-ம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம் அவ்விரண்டு தீர்ப்புகளையும் ரத்து செய்தது. ரெவின்யூக் கணக்கு பாத்தியதைப் பத்திரமாகாது என்பதே காரணம். இரண்டு கோர்ட்டுகளில் செல்லுபடியான காகிதம் மூன்றாவதில் செல்லவில்லை.

நம் விதவையின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. மாமனாரின் 1936-ம் வருஷத்துக் கிரயப் பத்திரம் இருக்கிறது. அசல் தொலைந்திருந்தாலும் சார்பதிவாளர் கச்சேரியில் நகல் பெறலாம். வாய்மூலம் செய்துகொண்ட பாகப்பிரிவினை இந்துச் சட்டத்தில் செல்லும். 1962-ல் பெரியவர்கள் எழுதிய கூர்ச்சீட்டு ஏதேனும் இருந்தால், அதன் வாசகத்தைக் கவனிக்கவேண்டும். "முன்னமே இவ்வாறு பிரித்துக்கொண்டோம்" என்று ஞாபகார்த்தமாய் எழுதியதற்கு ரிஜிஸ்தர் வேண்டுவதில்லை. "இதனால் பிரித்துக்கொள்ளுகிறோம்" என்று எழுதியிருந்தால் ரிஜிஸ்தரில்லாமல் கோர்ட்டு அதைப் பாகத்துக்கு ருசுவாக ஏற்காது. ஒரு சொல்லின் காலம் மாறினால் ஒரு ஏக்கர் இருபது சென்ட் மாறிவிடும். கூர்ச்சீட்டு எழுதும் பெரியவர்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை என்பதே வருத்தம்.

இவற்றினும் மேலாய், ஒருவரும் எதிர்பாராத சாட்சி ஒன்று உண்டு. அது அண்டை நிலத்தாரின் பத்திரம். தெற்கே நிலமுடையவர் 1975-ல் ஒரு கிரயம் பெற்று, அதன் நான்கெல்லையில் "வடக்கே இளையவர் நிலம்" என்று எழுதியிருந்தால், வழக்கைக் கனவிலும் காணாத காலத்தில் எழுந்த அவ்வாசகத்தைக் கோர்ட்டு நன்கு மதிக்கும். அடங்கலில் பயிர் செய்தவர் பெயர், மோட்டார்க் கிணற்றின் மின்சார இணைப்பு அட்டை, சங்கத்தில் முன்பு வாங்கிய பயிர்க்கடன் கணக்கு ஆகியவை அனுபோகத்துக்கு ருசுவாகும். எல்லையைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால், கோர்ட்டார் ஒரு வக்கீலைக் கமிஷனராய் நியமித்து, சர்வேயரோடு நேரில் அனுப்பி அளந்துவரச் செய்வார்கள்.

நகரவாசிக்கும் ஒரு வாதமுண்டு. பட்டாவையும் வில்லங்கச் சர்டிபிகேட்டையும் பார்த்து நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்பார். விற்றவருக்கு இல்லாத பாத்தியதை வாங்கினவருக்கு வராது என்பது பொது விதி. அன்றியும், நிலத்தில் யார் அனுபோகத்திலிருக்கிறாரோ அவருடைய உரிமை வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் கருதும். 1929-ல் சொத்து மாற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது இவ்விதி தெளிவாக்கப்பட்டது. வரப்பில் இறங்கி, "இந்த நாற்று யார் நட்டது?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மதுரையிலிருந்து மேலூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரந்தான்.

பெண்மக்களின் பங்கைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சொத்தில் குமாரத்திகளுக்கும் பங்குண்டு. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாட்டில் 1989-ம் வருஷத் திருத்தமும், தேசமெங்கும் 2005-ம் வருஷத் திருத்தமும் அவர்களைக் குமாரர்களோடு சமமாக்கின. அப்படியிருந்தும் வாரிசுப் பட்டா மாற்றுகையில் சகோதரிகளின் பெயரை விட்டுவிடுவது கிராமங்களில் இன்னும் வழக்கமாயிருக்கிறது. "அக்காள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்" என்பார்கள். வாய்ச்சொல்லால் நிலத்தின் பங்கு தீராது. ரிஜிஸ்தர் செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அவள் சொன்னது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் நாற்கரச் சாலை அந்நிலத்தின் அருகே வந்தபிறகு அவளுடைய பிள்ளைகள் அதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள், ஒப்புக்கொள்ளவேண்டுமென்று சட்டமுமில்லை. நம் உதாரணத்து விதவைக்கு மணமாகிப் போன குமாரத்தி ஒருத்தி இருந்தால், அவளையும் தாவாவில் கட்சியாய்ச் சேர்க்கவேண்டும்.

முன்னாள் ஜமீன், இனாம் கிராமத்தார் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1948-ம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி செட்டில்மெண்டு அதிகாரிகள் கொடுத்த ரயத்துவாரிப் பட்டாவை அசைக்கமுடியாத சாஸனமென்று பலர் எண்ணினார்கள். அவ்வுத்தரவு இருந்தாலும் பாத்தியதையைப் பற்றிச் சிவில் கோர்ட்டில் வழக்காடலாம் என்று இராமலிங்க சாமிகள் மடம் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது.

வழக்கு எத்தனை காலம் ஓடும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு. சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829-ல் காலமானார். ஜமீன் அவர் சுயமாய் அடைந்ததா, குடும்பப் பொதுச் சொத்தா என்ற கேள்வியில் தொடங்கிய விவகாரம், 1863-ல் பிரிவி கவுன்ஸில் அவர் குமாரத்தி கட்டம நாச்சியாருக்குச் சாதகமாய்த் தீர்ப்பளிக்கும்வரை 34 வருஷம் நீடித்தது. ஜமீனுக்கு அது தாங்கும். இரண்டு ஏக்கருக்குத் தாங்குமா? இப்பொழுது இரண்டாம் அப்பீலுக்காக முந்நூறு மைலுக்குச் சற்றுக் குறைந்த தூரம் சென்னைக்குப் போகவேண்டுவதில்லை. 2004-ம் வருஷம் ஜூலை முதல் உயர் நீதிமன்றத்தின் கிளை மதுரையிலேயே நடக்கிறது. தூரம் குறைந்தது உண்மை. வழக்கின் ஆயுள் அதே அளவில் குறைந்ததாகச் சொல்ல இயலாது.

ஆகவே பங்காளிகளுக்குள் வந்த தகராறாயின், லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தை நாடுவதே உசிதம். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டப்படி, அங்கே இருதரப்பாரும் சம்மதித்து ஏற்படும் ராஜி கோர்ட்டு டிக்ரிக்குச் சமானம். அதன்மேல் அப்பீல் கிடையாது. கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நடந்துகொண்டிருக்கும் வழக்கையும் அங்கே அனுப்பலாம். வழக்கு நடக்கையில் எதிரி நிலத்தை வேறொருவருக்கு விற்றாலும், வாங்கினவர் அவ்வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவரே. அதைக் கண்டு பயந்து ராஜியில் விட்டுக்கொடுக்கவேண்டுவதில்லை.

டிக்ரி பெற்றவர்கள் செய்யும் கடைசித் தவறு விசித்திரமானது. ஜயித்த சந்தோஷத்தில் ஊருக்குத் திரும்பி, டிக்ரி நகலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கோர்ட்டார் தாமாகத் தாலூகாக் கணக்கைத் திருத்துவார்கள் என்பது அவர்கள் எண்ணம். சர்டிபைட் நகலை வைத்துப் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுக்கவேண்டியவர் டிக்ரிதாரரே. அப்படிச் செய்யாதவரையில் கணினியில் தோற்றவர் பெயரே நிற்கும். அடுத்த கார்த்திகையில் கடன் மனுவோடு வரும்போது சங்கத்துக் காரியதரிசி எடுக்கும் சிட்டாவிலும் அந்தப் பெயரே இருக்கும்.